டிஸ்னிப் பந்தலும் பாட்டில்லாப் படச்சுருளும்

2023ஆம் ஆண்டு துர்கா பூஜையின்போது, கொல்கத்தா லேக் டவுன் பகுதியிலுள்ள ஸ்ரீபூமி ஸ்போர்ட்டிங் கிளப் தன் பந்தலை டிஸ்னிலாந்து அரண்மனையாக எழுப்பியது. 2021இல் புர்ஜ் கலீஃபா, 2022இல் வத்திக்கான், 2024இல் திருப்பதிக் கோயில் என்று அக்கிளப்பின் வரிசை நீள்கிறது. ஆயினும் புர்ஜ் கலீஃபாவுக்கும் வத்திக்கானுக்கும் எழாத ஒரு மனக்கசப்பு டிஸ்னிக்கு எழுந்ததை நான் நேரில் கேட்டேன். வெளிநாட்டுக் கட்டடம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கார்ட்டூன் என்றால் பொறுப்பதற்கில்லை என்பதே அக்கசப்பின் உட்பொருள்.

ஒவ்வோராண்டும் மகாளயம் நெருங்கும்போது எங்கள் ஆய்வு மாணவர் வட்டத்தில் இவ்வழக்கு மீண்டும் விசாரணைக்கு வருகிறது. கொல்கத்தாவின் துர்கா பூஜையை 2021 டிசம்பரில் யுனெஸ்கோ மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய விழாவின் முகப்பில் பொம்மைப்படக் கம்பெனியின் கோபுரம் நிற்கலாமா என்பது ஒரு தரப்பு. பாரிஸுக்கோ ஃபுளோரிடாவுக்கோ ஒருநாளும் போகவியலாத பிள்ளைகள் தந்தையின் தோளில் அமர்ந்து அதைப் பார்த்துச் சிரிப்பதில் யாருக்கு என்ன நட்டம் என்பது மறுதரப்பு. முதலாண்டில் நான் முதல் தரப்பில் இருந்தேன். இப்போது இரு தரப்பிலும் இல்லை. அதற்கான காரணத்தை, மொழியியல் பயின்றவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்த ஒரே கருவியான கடன்சொல் ஆய்வைக்கொண்டு, சற்று விரிவாகவே இங்கு எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல். இந்நகரத்தார் பூஜைக் கொட்டகையை ‘பியாண்டெல்’ என்பர். ‘மண்டப்’ என்ற சொல்லும் வங்காளத்தில் உண்டு. ஆனால் பேச்சில் ஆட்சி செலுத்துவது பியாண்டெல்தான். இது நம் பந்தல். சங்கப் பாடல்களில் ‘பந்தர்’ என்ற வடிவிலும் பயில்வது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் ஆங்கிலத்தில் புகுந்து, ஆங்கிலேய–இந்தியச் சொற்களைத் தொகுத்த ‘ஹாப்ஸன்–ஜாப்ஸன்’ அகராதியில் (1886) தமிழ்ச்சொல் என்ற குறிப்போடு இடம்பெற்றது. வங்காளத்துக்கு அது தமிழிலிருந்து நேராக வரவில்லை என்பதற்கு ஒலியே சான்று. பந்தலிலுள்ள தகரம் பல்லொலி. வங்காளத்திலும் பல்லொலித் தகரம் இருக்கிறது. நேரடியாக வந்திருந்தால் அவ்வொலி அப்படியே நின்றிருக்கும். இடையில் ஆங்கில வாய் புகுந்ததால் அது நுனிநாக்கு மேலேறிய ஆங்கில ஒலியாகி, அவ்வொலியை இந்தியச் செவிகள் வழக்கம்போல் டகரமாகக் கேட்டன. முதல் உயிரும் ஆங்கிலப் பாங்கில் ‘ஏ’காரம் கலந்த அகரமாயிற்று. அதன்பின் வங்காளி அச்சொல்லைத் தன் வேற்றுமை உருபுகளுக்குள் கொண்டுவந்தார்: பியாண்டெலே என்றால் பந்தலில், பியாண்டெலெர் என்றால் பந்தலின். இன்று குமார்ட்டுலியில் பிறந்த ஒருவரிடம் இது தமிழ்ச்சொல் என்று சொன்னால் அவர் புன்னகைத்து நம்மை மன்னித்துவிடுவார்.

ஆகவே ஸ்ரீபூமியில் நிகழ்ந்தது என்னவெனில், தமிழிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்த ஒரு பந்தலுக்குள் ஓர் அமெரிக்க அரண்மனை புகுந்தது. ‘அந்நியம்’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வழக்காடினால், வழக்குமன்றமே அந்நியமாகிவிடும்.

நம் இலக்கண மரபு இச்சிக்கலை வெகு முன்னரே எதிர்கொண்டது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்து எச்சவியல், வடசொல்லைத் தமிழ்ச் செய்யுளுக்கு உரிய சொல்வகை நான்கனுள் ஒன்றாக ஏற்கிறது. ஆனால் வாயிலில் ஒரு நிபந்தனை வைக்கிறது: வடவெழுத்தை விட்டு, தமிழ் எழுத்தோடு பொருந்தி வரவேண்டும். எங்கிருந்து வந்தாய் என்று அந்நூற்பா விசாரிப்பதில்லை. வந்தபின் எவ்வாறு நடந்துகொள்கிறாய் என்பதையே விசாரிக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இதனைக் கோட்பாடாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஐனார் ஹாகன். அயோவாவில் நார்வேக் குடியேறிகளுக்கு மகனாகப் பிறந்தவர். 1950இல் வெளிவந்த அவரது கடன்பேறு பற்றிய கட்டுரையை மொழியியல் மாணவர் எவரும் கடக்காமல் பட்டம் பெறுவதில்லை. அதில் ஓர் அழகான முணுமுணுப்பு உண்டு. ‘கடன்’ என்ற உருவகமே பொருந்தாது. கொடுத்தவருக்குத் தாம் கொடுத்தது தெரியாது, வாங்கியவருக்குத் திருப்பித்தரும் எண்ணமில்லை என்பது அதன் சாரம்.

இம்முணுமுணுப்பை மெய்ப்பிக்கும் வழக்கு ஒன்று இதே கொல்கத்தாவிலிருந்து உண்மையான நீதிமன்றத்துக்கே சென்றது. 2007இல் சால்ட் லேக் எஃப்டி பிளாக் பூஜைக் குழு தன் பந்தலை ஹாரி பாட்டர் கதையின் ஹாக்வார்ட்ஸ் கோட்டையாக அமைத்தது. ஜே. கே. ரௌலிங்கும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடி, 20 லட்சம் ரூபாய் இழப்பீடு கோரினர். நீதிமன்றம் இழப்பீடு விதிக்கவில்லை. அக்டோபர் 26 வரை பந்தல் நிற்கலாம், இனிமேல் அனுமதி பெற்றே செய்யவேண்டும் என்றது. அன்றைய பேச்சுகளில் பெரும்பாலானவை காப்புரிமையைச் சுற்றியே நின்றன. எனக்கு அதில் சுவையாகத் தோன்றுவது வேறு. ஹாக்வார்ட்ஸ் கோட்டையின் உள்ளே யார் இருந்தார்? பத்துக் கைகளோடு துர்கை இருந்தாள். இலட்சுமி, சரஸ்வதி, விநாயகர், மயில்மேல் கார்த்திக் (நம் முருகன் இங்கே மீசை முறுக்கிய வங்காள மிராசுதாரரைப்போல் காட்சியளிப்பார்) அனைவரும் அவரவர் இடத்தில் இருந்தனர். சூனியக்காரப் பையன் முகப்பு வரைக்கும்தான் வரமுடிந்தது.

இதைத்தான் நான் பந்தலின் இலக்கணம் என்கிறேன். ஷஷ்டியன்று போதனம். சப்தமிக் காலையில் வாழைக்கன்றுக்குச் சேலை உடுத்தி நீராட்டல். அஷ்டமியில் அஞ்சலி, அஷ்டமியும் நவமியும் கூடுமிடத்தில் 108 விளக்கேற்றும் சந்திபூஜை. தசமியில் திருமணமான மகளிர் குங்குமம் பூசி விடைகொடுக்க, கங்கையில் கரைப்பு. இவ்வரிசையில் எதையும் எந்தத் தீமும் இடம்மாற்ற இயலாது. முகப்பு பெயர்ச்சொல்; அது ஆண்டுதோறும் மாறும். சடங்கின் வரிசை வேற்றுமை உருபும் வினைமுற்றும், அவை மாறா. டிஸ்னி அரண்மனை ஒரு பெயர்ச்சொல்லாக வந்து, உருபேற்று, ஐந்தாறு நாள் நின்று, மூங்கிலும் துணியுமாகப் பிரிக்கப்பட்டுப் போயிற்று. அதே வட்டாரத்தில் லண்டன் பிக் பென் மணிக்கூண்டின் நகல் ஒன்று ஆண்டு முழுவதும் நிற்கிறது. அதற்கு உருபும் இல்லை, பயனிலையும் இல்லை. அதைப் பற்றி எவரும் வழக்காடக் காணேன்.

தமிழ் நண்பர்களுக்கு இதை விளக்கப் பந்தலைவிடக் கொலு எளிது. லேக் மார்க்கெட் பகுதித் தமிழ் வீடு ஒன்றில் இரண்டாண்டுகளுக்கு முன் கொலு பார்க்கச் சென்றிருந்தேன். அவ்வீட்டுப் பேத்தி சோட்டா பீம் பொம்மையையும் டோரேமானையும் கொண்டுவந்து ஐந்தாம் படியில் தசாவதாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பாட்டி கோபிக்கவில்லை. “படியிலே வேண்டாம்டீ, பார்க்கிலே வெச்சுக்கோ” என்றார். படிகளின் அடியில் மணல் பரப்பி, கடுகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கிக் கட்டும் பார்க் எல்லாக் கொலுவிலும் உண்டு. கிரிக்கெட் அணி, ரயில் வண்டி, செட்டியார் கடைக்கு எதிரே பிளாஸ்டிக் டைனோசர் என அங்கே எதற்கும் அனுமதியுண்டு. படிக்கு ஓர் இலக்கணம், பார்க்குக்கு வேறோர் இலக்கணம். தொல்காப்பியரின் வாயில்காப்போன் வேலையை அந்தப் பாட்டி அரை வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இனி, கார்ட்டூன் உண்மையிலேயே ஒரு பண்பாட்டின் இடத்தை எடுத்துக்கொண்ட இடத்துக்குப் போகவேண்டும். அது ஃபுளோரிடாவிலுள்ள எப்காட் பூங்கா. டிஸ்னி நிறுவனம் 1982 அக்டோபர் 1 அன்று திறந்த இப்பூங்காவின் ஒரு பாதி, ஓர் ஏரியைச் சுற்றி நாடுகளின் அரங்குகளால் ஆனது. இன்று மெக்சிகோ, சீனா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ் எனப் பதினோரு நாடுகள் அங்கே உள்ளன, இந்தியா இல்லை. தொடக்கத்தில் இவ்வரங்குகளில் டிஸ்னிப் பாத்திரங்களுக்கு இடமில்லாதிருந்தது. பின்னர் ஒவ்வொன்றாக நுழைந்தன. 2007இல் மெக்சிகோவின் படகுப் பயணத்தில் டொனால்ட் வாத்தும் அதன் தோழர் இருவரும் ஏறிக்கொண்டனர். அத்தோழருள் ஒருவர் பிரேசில் நாட்டுக் கிளி என்பது தனி வேடிக்கை. 2021இல் பிரான்ஸ் அரங்குக்குச் சமையற்கார எலி வந்தது. இடையில் 2016இல் நார்வே.

நார்வேதான் பெருஞ்சண்டை. 1988 முதல் அங்கே ‘மெயில்ஸ்ட்ரோம்’ என்ற படகுப் பயணம் இருந்தது: வைக்கிங் வீரர், பூதங்கள், பனிக்கரடி, கடைசியில் வடகடலின் எண்ணெய்த் துரப்பண மேடை. 2014 அக்டோபரில் அதை மூடி, ‘ஃப்ரோஸன்’ படத்தின் பயணமாக மாற்றினர். படகுகளும் நீர்த்தடமும் பழையன. காட்சிகள் மட்டும் புதியன. பூங்காவின் தீவிர அன்பர்கள் கொதித்தனர். அரெண்டெல் என்றொரு நாடு உலகில் இல்லை. இல்லாத நாட்டை இருக்கும் நாட்டின் அரங்கில் வைப்பதா? போதாக்குறைக்கு அப்படம் எழுந்தது டென்மார்க்கின் ஆண்டர்சன் எழுதிய பனியரசிக் கதையின் தூண்டுதலில். எதிர்த்தரப்பு சொன்னது: பிள்ளைகள் முதன்முறையாக அவ்வரங்கில் வரிசையில் நிற்கின்றனர்; அவ்வழியே நார்வே என்ற பெயரையாவது அறிவர்.

எனக்கு அன்பர்கள்மேல் பரிவு உண்டு. அவர்களின் வாதம்மேல் ஐயமும் உண்டு. அவர்கள் இழந்ததாகச் சொல்லும் ‘உண்மையான நார்வே’ எது? நார்வே நிறுவனங்களின் முதலீட்டோடு ஓர் அமெரிக்கக் கம்பெனி எழுப்பிய, எண்ணெய்த் தொழிலுக்கும் சற்றே விளம்பரம் செய்த ஒரு படகுச் சவாரி. அதிலிருந்த பூதங்களும் ஒருவகைக் கார்ட்டூன்களே. அங்கே வாயிலில் நின்று “படியிலே வேண்டாம், பார்க்கிலே வை” என்று சொல்லும் உரிமையுள்ள பாட்டி தொடக்கத்திலிருந்தே இல்லை. பூங்காவின் இலக்கணம் முழுவதும் கம்பெனியுடையது. நார்வே அதில் ஒரு பெயர்ச்சொல்லாகத்தான் என்றுமே இருந்தது. ஒரு பெயர்ச்சொல்லை எடுத்து இன்னொன்றை வைத்தனர். ஸ்ரீபூமியில் டிஸ்னி எந்த இடத்தில் நின்றதோ, எப்காட்டில் அந்த இடத்தில் நார்வே நிற்கிறது. இத்தலைகீழைக் காணாமல், இரண்டு இடத்திலும் “கார்ட்டூன் புகுந்துவிட்டது” என்று ஒரே தீர்ப்பெழுதுவது பிழை.

ஹாகனிடம் மீண்டும் செல்கிறேன். இம்முறை அவருடைய பெருநூலுக்கு. 1953இல் வெளிவந்த அந்நூல், அமெரிக்காவில் நார்வேஜிய மொழி அடைந்த கதை. குடியேறிகள் ஆங்கிலப் பெயர்ச்சொற்களை ஏராளமாக எடுத்து, அவற்றுக்கு ஆண்பால் பெண்பால் வகுத்து, நார்வேஜிய விகுதி சேர்த்துப் பேசினர். தூய்மைவாதிகள் அப்பேச்சைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டனர். உண்மையில் அந்தக் கலப்புப் பேச்சு நலமோடிருந்த மொழி. மொழி அழிந்தது ஆங்கிலச் சொற்களால் அன்று. பிள்ளைகளிடம் அம்மொழியில் பேசுவதைப் பெற்றோர் நிறுத்தியபோது அழிந்தது. இன்று மின்னசோட்டாவில் நார்வேஜியச் சொற்கள் சில மிஞ்சியிருக்கின்றன: லெஃப்சே என்னும் உருளைக்கிழங்கு ரொட்டி, லூட்டஃபிஸ்க் என்னும் மீன் பண்டம். அவற்றைச் சேர்த்து ஒரு வாக்கியமாக்கும் இலக்கணம் பெரும்பாலோரிடம் இல்லை. தென்னாப்பிரிக்காவிலும் ரீயூனியனிலும் நம்மவர் குடும்பப் பெயர்களும் காவடியும் நிற்க, பேச்சு போன கதை இதற்கு வெகு தொலைவிலில்லை. சொல் நுழைவது வேறு, இலக்கணம் வெளியேறுவது வேறு. முன்னது கண்ணுக்குத் தெரிவதால் அதற்காகச் சண்டையிடுகிறோம். பின்னதற்கு ஓசையே இல்லை.

இந்த அளவுகோலோடு கொல்கத்தாவுக்குத் திரும்பினால், என் கவலை டிஸ்னிப் பந்தலைவிட்டு வேறிடத்துக்குப் போகிறது: எல்லோரும் பாராட்டும் ‘நாட்டார் கலை’ப் பந்தல்களுக்கு.

1985இல் ஏஷியன் பெயின்ட்ஸ் சாரத் சம்மான் என்ற பரிசு தொடங்கியபின், பந்தல்கள் கலைத்திறனுக்காகப் போட்டியிடலாயின. இந்தியாவின் ஏதோவொரு கலைச் சிற்றூரைப் பெயர்த்து நகரத் தெருவில் வைப்பது தீம் பூஜைகள் விரும்பும் வடிவங்களுள் ஒன்று. யுனெஸ்கோவுக்கான ஆவணத்தைத் தயாரித்த தபதி குஹா–தாகுர்த்தா, 2015இல் வெளிவந்த ‘இன் தி நேம் ஆஃப் தி காடஸ்’ நூலில் இவ்வுலகை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பண்பாட்டு ஆய்வு மாணவர்கள் தவறவிடக் கூடாத நூல்.

மேற்கு மேதினிப்பூர் மாவட்டம் பிங்களா வட்டாரத்து நயா என்னும் சிற்றூரில் பட்டுவா ஓவியர்கள் வாழ்கின்றனர். பெரும்பாலோர் இஸ்லாமியர், ‘சித்ரகர்’ என்பது குடும்பப் பெயர், வரைவது இராமாயணமும் மனசா தேவி கதையும் பீர்களின் கதையும். அவர்களது ‘பட்’ என்பது சுவரில் மாட்டும் படம் அன்று. நீண்ட சுருளைக் கட்டம் கட்டமாக விரித்து, விரலால் சுட்டி, பாடிக்கொண்டே போகவேண்டும். பாட்டும் ஓவியமும் ஒரே தொழில். இந்த மரபு வெளியுலகைக் கண்டு ஒருபோதும் அஞ்சியதில்லை. டைட்டானிக் திரைப்படத்தைப் பார்த்துவிட்டுக் கப்பல் மூழ்கும் காதல் கதையை அவர்கள் சுருளாக்கிப் பாடினர். 2001இன் நியூயார்க் கோபுரத் தாக்குதலைப் பாடினர். 2004இன் ஆழிப்பேரலையைப் பாடினர். ஹாலிவுட் கதை பட்டுவாவின் இசையிலும் கட்டத்திலும் அடங்கி உட்கார்ந்தது. கடன்பேற்றுக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டை நான் வகுப்பறையில் கண்டதில்லை.

சென்ற ஆண்டு தென்கொல்கத்தாவில் ஒரு பந்தலுக்குப் போனேன், பெயர் வேண்டாம். படச்சுருள் மரபையே தீமாகக் கொண்டிருந்தார்கள். தூண்கள், விதானம், நுழைவாயில் எங்கும் பட். கண்ணைப் பறிக்கும் வேலை. ஆனால் சுருளின் கட்டங்களைத் தனித்தனியே வெட்டி, ஒழுங்குக்காக மாற்றி ஒட்டியிருந்தார்கள். பாம்பு கடித்து இறந்த கணவனை மிதவையில் ஏற்றிச் செல்லும் பெஹுலா ஒரு தூணில், அவள் திருமணம் அதற்கு நாலு தூண் தள்ளி. ஒலிபெருக்கியில் புல்லாங்குழல். பாட்டு இல்லை. வரைந்தவர் யாரென்று தன்னார்வலர் ஒருவரைக் கேட்டேன். தீம் அமைத்த நகரத்துக் கலைஞரின் பெயரைச் சொன்னார். ஊரிலிருந்து வந்து வரைந்தவர்கள் பற்றிக் கேட்டதற்கு, “அவர்கள் பணி முடிந்து போய்விட்டார்கள், தாதா” என்றார். சொற்கள் அனைத்தும் நூற்றுக்கு நூறு வங்காளம். இலக்கணம் ஒரு துளியும் இல்லை. எனக்கு எப்காட்டின் நார்வே நினைவுக்கு வந்தது அங்கேதான், ஸ்ரீபூமியில் அன்று.

இதற்கு நேர்மையான மறுப்பு ஒன்று உண்டு; அதை நயாவைச் சேர்ந்த ஓவியர் ஒருவரே என்னிடம் சொன்னார். பாட்டுக்குக் கூலி தருவார் யாருமில்லை, தூணுக்குத் தருகிறார்கள். அப்பணத்தில்தான் அவர் மகள் படிக்கிறாள். இதை எதிர்த்து ஆய்வு மாணவன் ஒருவன் அழகியல் பேசுவது அழகன்று. அதனால் பட்டைப் பந்தலில் வைக்காதீர் என்று நான் சொல்லமாட்டேன். வைக்கும்போது யாரைக் கேட்டு வைக்கிறோம் என்பதே என் கேள்வி. இவ்வகையில் டிஸ்னி நிறுவனமே ஒரு பாடம் கற்றுக்கொண்டது. ‘ஃப்ரோஸன்’ முதற்படம் வடதுருவச் சாமி மக்களின் பண்பாட்டுக் கூறுகளைச் சொல்லாமல் எடுத்தாண்டதாகக் குறை எழுந்தபின், 2019இல் இரண்டாம் படத்துக்கு அந்நிறுவனம் சாமி நாடாளுமன்றங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பயனாகப் படம் வடசாமி மொழியிலும் குரல்மாற்றம் பெற்று வெளிவந்தது. வெகுசிலரே பேசும் மொழி அது. கார்ட்டூன் கம்பெனி கேட்டுச் செய்ததை, நாட்டார் கலையைப் போற்றும் பூஜைக் குழு கேட்காமல் செய்வது எனக்கு விளங்கவில்லை.

பரிசுக் குழுக்களில் எங்கள் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களும் கலைக்கல்லூரி ஆசிரியர்களும் நடுவராக அமர்வதுண்டு. அவர்களுள் சிலர் இப்பதிவைப் படிப்பர் என்பதால் கேட்கிறேன்: மதிப்பெண் தாளில், வரைந்தவர் பெயர்கள் பந்தலில் எழுதப்பட்டுள்ளனவா என்று ஒரு வரி சேர்க்க இயலுமா? பாடத் தெரிந்தவர் ஒருவரை மாலையில் ஒரு மணிநேரமாவது பாடவைத்தார்களா என்று இன்னொரு வரி? மாணவ நண்பர்கள் இவ்வாண்டு பந்தல் பந்தலாகச் சுற்றும்போது கைப்பேசியில் தெய்வத்தைப் படமெடுத்ததும், அப்படியே திரும்பி அந்தப் பெயர்ப்பலகையையும் எடுத்து வாருங்கள். பலகை இல்லாத பந்தல்களின் பட்டியலும் எனக்கு வேண்டும். தசமி கழிந்து எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்துவிடலாம்.